சின்னம்மா பதினோரு முறை பஸ் ஏறிய நாள்

கண்டக்டர் உங்களிடம் அப்படிக் கடுகடுத்திருக்க வேண்டாம் அக்கா. ஆனால் அவர்மேலும் தப்பில்லை. ஒரு நாளைக்கு இருபது பேராவது இதையே கேட்கிறார்கள். தாழம்பேடு கூட்டுரோட்டில் எந்த பஸ்ஸும் நிற்பதில்லை. டோல்கேட் தாண்டியதும் மேம்பாலம் ஏறிவிடும். ஏறினால் நேராக டெர்மினஸ்தான். அங்கே இறங்கி, பின்பக்கம் சுற்றி வந்து, ஷேர் ஆட்டோ பிடித்து, வந்த வழியே இரண்டரை கிலோமீட்டர் திரும்ப வேண்டும். நான் தாழம்பேடுதான். என்னோடு இறங்குங்கள், காட்டுகிறேன்.

மனை பார்க்கவா வருகிறீர்கள்? நோட்டீஸைக் கொடுங்கள், பார்க்கலாம். 'டெர்மினஸிலிருந்து ஐந்து நிமிடம்.' காக்கைக்கு ஐந்து நிமிடம் அக்கா. நமக்கு இருபத்தைந்து. இந்த இடம் பாதி ஏரிக்குள் இருக்கிறது. ஐப்பசியில் ஒரு முறை வந்து பார்த்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். நான் சொன்னேன் என்று அவர்களிடம் சொல்ல வேண்டாம். சொன்னாலும் பரவாயில்லை. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. அதனால்தான் எங்கள் ஊரில் என்னோடு யாரும் பேசுவதில்லை.

சண்டையெல்லாம் இல்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

டோல்கேட்டில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். வண்டி நகர எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். சொல்கிறேன். கேட்டுவிட்டு, யார்மேல் தப்பு என்று நீங்களே சொல்லுங்கள். கூட்டியும் சொல்லமாட்டேன், குறைத்தும் சொல்லமாட்டேன்.

கூட்டுரோடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சென்னைக்குப் போகிற ரோட்டில், எட்டு ஊர்களிலிருந்து வருகிற வண்டிப்பாதை வந்து சேருகிற இடம். அப்பா காலத்தில் அங்கே ஒரு டீக்கடையும் ஒரு விதை உரக் கடையும்தான். எட்டு ஊரும் கத்தரி, வெண்டை, கீரை. மற்ற நேரம் நெல். அப்புறம் கார் கம்பெனி வந்தது. கம்பெனி பஸ்கள் வந்தன. ரயில் இன்னொரு தண்டவாளம் போட்டது. வெளியூர்ப் பிள்ளைகள் தங்க ஹாஸ்டல்கள் வந்தன. நான் பத்தாவது படிக்கும்போது டீக்கடை பேக்கரி ஆனது. காலேஜில் சேர்ந்தபோது உரக் கடை மொபைல் கடை ஆனது. நான் காலேஜ் முடித்த வருஷம், பட்டணத்து பஸ் ஸ்டாண்டையே எங்கள் பக்கம் மாற்றப்போகிறோம் என்றார்கள்.

எங்கள் ஊர் மாடுகள் மேய்கிற மேய்க்கால் நிலத்தைத்தான் கேட்டார்கள். பத்தொன்பது ஏக்கர். துலுக்காணம் மாமா, என் அம்மாவின் அண்ணன், பஞ்சாயத்தில் துணைத்தலைவர். அவர்தான் ஊரைக் கூட்டிச் சம்மதிக்க வைத்தார். இனிமேல் தெற்கே போகிற எவனும் நம்ம ஊரை மிதிக்காமல் போக முடியாது என்றார். எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். நானும் இரண்டு சாப்பிட்டேன்.

டெர்மினஸ் பாதி கட்டியிருக்கும்போதுதான் மேம்பாலத்துக்குத் தூண் எழும்பியது. தூண் எதற்கு என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. பஸ்ஸெல்லாம் கூட்டுரோட்டின் தலைக்கு மேலேயே போய் டெர்மினஸில் இறங்கும், கீழே வராது என்று அப்புறம்தான் தெரிந்தது. பஸ்ஸுக்காக நிலம் கொடுத்த ஊருக்கு பஸ் இல்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று மாமா ஒவ்வொரு ஆபீஸாக ஏறினார்.

அதுக்கென்ன, டெர்மினஸ் வரைக்கும் ஆட்டோவில் போகலாமே என்கிறீர்கள். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் எங்கள் ஊரில் பஸ்ஸில் அதிகம் போவது ஆட்கள் இல்லை அக்கா. மூட்டைகள்.

காலையில் ஐந்து மணியிலிருந்து வருகிற பஸ்களுக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு மூட்டை வரும். கீரையோ கத்தரிக்காயோ ஈரச் சாக்கில் கட்டி, வாயில் பழைய புடவைக் கிழிசல் ஒன்றைச் சுற்றியிருப்பார்கள். அந்தக் கிழிசல்தான் விலாசம். எங்கள் வீட்டுக்கு மஞ்சள், சின்னம்மா வீட்டுக்கு ஊதாப் பூப்போட்டது. பஸ் நிற்கும், மூட்டைகளைப் பின்படி வழியாக ஏற்றிவிட்டு அவரவர் வயலுக்குப் போய்விடுவார்கள். யாரும் கூடப் போவதில்லை. மார்க்கெட் ஸ்டாப்பில் கமிஷன் கடை ஆள் கிழிசலைப் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொள்வார். கண்டக்டருக்கு இரண்டு கட்டுக் கீரை, அவ்வளவுதான். டிக்கெட் கிடையாது. இருபது வருஷத்தில் ஒரு மூட்டை தொலைந்ததில்லை.

சின்னம்மா என்றேனே, அம்மாவின் தங்கை, அஞ்சலாட்சி என்று பெயர். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. சித்தப்பா இல்லை. பிள்ளைகளும் இல்லை. முப்பது சென்ட் கீரைப் பாத்தி, அதுதான் அவளுக்கு எல்லாம். தனி ஆள். மூட்டையோடு மார்க்கெட்டுக்குப் போய்வர வேண்டுமென்றால் பாத்திக்குத் தண்ணீர் கட்ட ஆள் இருக்காது. ஒரு நாள் வெயிலில் விட்டால் அரைக்கீரை தலை சாய்ந்துவிடும். கூட்டுரோட்டில் பஸ் நிற்காவிட்டால் அவள் பாடு முடிந்தது.

பன்னிரண்டாவது முடித்ததும் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அப்போது எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தவள் சின்னம்மாதான். "அவ படிச்சிட்டு வரட்டும். நாலு எழுத்து தெரிஞ்சவ ஒருத்தி இந்த ஊருக்கு வேணும்" என்றாள். அப்பா சரி என்றார். நான் பி.எஸ்சி. கணிதம் படித்தேன். எங்கள் தெருவில் முதல் பட்டம். படித்து இரண்டு வருஷம் வீட்டில் இருந்தேன். அது வேறு கதை.

மாமா ஏறி இறங்கியதில் ஒரு ஆபீஸில் ஒரு வழி சொன்னார்கள். பாலத்துக்குக் கீழே சர்வீஸ் ரோடு இருக்கிறது. தினம் சராசரியாக இருநூற்றைம்பது பேர் ஏறுகிற இடமாக இருந்தால், பாதி பஸ்களைக் கீழே விட்டு நிறுத்தம் கொடுக்கலாம். பாலம் திறப்பதற்கு முன்பே மூன்று நாள் கணக்கெடுப்பு நடக்கும். அதில் தெரிந்துவிடும்.

கணக்கெடுக்கிற வேலையை ஒரு தனியார் நிறுவனம் எடுத்திருந்தது. உள்ளூரில் பட்டதாரிகள் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தார்கள். நான் எழுதிப் போட்டேன். எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கொடுத்த இடம் எது தெரியுமா? எங்கள் கூட்டுரோடேதான்.

ஊரே சிரித்தது. மாமா வீட்டுக்கு வந்து, "சாமியே பேனாவை நம்ம வூட்டுப் பொண்ணு கையில குடுத்திருச்சு" என்றார். முந்நூறு என்று போடு, நானூறு போட்டால் சந்தேகப்படுவான் என்றெல்லாம் ஆளாளுக்குக் கணக்குச் சொன்னார்கள். நான் அன்றைக்கே தெளிவாகச் சொல்லிவிட்டேன். பார்த்ததைத்தான் எழுதுவேன், பார்க்காததை எழுதமாட்டேன். ஒவ்வொரு தாளிலும் என் கையெழுத்து, என் போன் நம்பர். பைக்கில் ஒரு ஆள் எப்போது வேண்டுமானாலும் வந்து சோதிப்பான். பயந்து சொல்லவில்லை அக்கா. நேர்மை என்று ஒன்று இருக்கிறது.

மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. சின்னம்மாதான், "வுடுண்ணா, பொய் எழுத அதுக்குக் கை வராது" என்றாள். எனக்காகப் பேசுகிறாள் என்று சந்தோஷப்பட்டேன்.

முதல் நாள் காலை ஐந்திலிருந்து இரவு எட்டு வரை பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். படிவத்தில் ஆண், பெண், ஏறியவர், இறங்கியவர் என்று கட்டங்கள். நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே போட வேண்டும். கடைசியில் குறிப்பு என்று ஒரு அகலமான கட்டம். அன்றைக்கு ஏறியவர்கள் எண்பத்தெட்டு பேர். ராத்திரி மாமா கேட்டார். கேட்டால் சொல்லத்தானே வேண்டும். எண்பத்தெட்டு என்றேன். அவர் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். எங்கள் தெரு, மேலத்தெரு, காலனி, எல்லாத் தெருப் பெண்களும். எங்காவது கல்யாணமா என்று நினைத்தேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லையே. ஏறினார்கள். அடுத்த ஸ்டாப் செக்போஸ்ட், ஒன்றரை கிலோமீட்டர். அங்கே இறங்கினார்கள். மாமா நிறுத்தி வைத்திருந்த இரண்டு டிராக்டர் டிரெய்லரில் ஏறி, பின்பக்க வண்டிப்பாதை வழியாக ஊருக்குத் திரும்பி, புடவை மாற்றிக்கொண்டு, மறுபடியும் வந்து ஸ்டாப்பில் நின்றார்கள்.

புடவை எதற்கு மாற்ற வேண்டும் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது. எனக்காகத்தான். நான் பார்த்ததைத்தான் எழுதுவேன் என்றேன் இல்லையா? ஒரே ஆளைப் பார்த்தால் எழுதத் தயங்குவேன். புடவை மாறினால் வேற ஆள் என்று மனசு உறுத்தாமல் எழுதலாமாம். இதை யார் யோசித்தது என்று நினைக்கிறீர்கள்? சின்னம்மா.

எல்லோரும் என்னைப் பார்க்காத மாதிரி நின்றார்கள். தெரியாதவர்கள் மாதிரி. என்னோடு ஐந்தாவது படித்த சுமதி, "இந்த பஸ் மார்க்கெட் போகுமாங்க?" என்று என்னிடமே கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பைக் ஆள் வந்துவிட்டால் என்ன செய்வது?

சின்னம்மாவுக்கு முழங்கால் வலி. பஸ் படி உயரம். கம்பியைப் பிடித்து இரண்டு காலையும் ஒரே படியில் வைத்து வைத்து ஏறுவாள். மூன்றாம் நாள் மட்டும் பதினோரு தடவை ஏறினாள். நான் எண்ணினேன். வேறு யாரையும் அப்படித் தனியாக எண்ணவில்லை, அவளை மட்டும்தான். ஏழாவது தடவை கண்டக்டர், "இன்னாம்மா, இப்பத்தான செக்போஸ்ட்ல எறங்கினே?" என்றார். "மறதியா எறங்கிட்டேம்பா" என்றாள். பஸ் முழுக்கச் சிரித்தது. கடைசித் தடவை வந்தபோது மாற்ற வேறு புடவை இல்லை போலிருக்கிறது. கல்யாணத்துக்குக் கட்டிய வாடாமல்லிப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். பெட்டியில் இருந்த மடிப்புக்கூடக் கலையவில்லை. படியில் நின்று திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். மூன்று நாளில் அவள் ஒருத்திதான் என்னைப் பார்த்துச் சிரித்தது. ஐயோ, பைக் ஆள் பார்த்துவிடப் போகிறானே என்று நான் குனிந்துகொண்டேன்.

இரண்டாம் நாள் முந்நூற்று நாற்பது. மூன்றாம் நாள் முந்நூற்று அறுபத்தைந்து. முதல் நாளையும் சேர்த்து மூன்றால் வகுத்துப் பார்த்தேன். இருநூற்று அறுபத்து நாலு. தேவையானதைவிடப் பதினாலு அதிகம். ஸ்டாப் கிடைத்துவிடும்.

அன்றைக்குச் சாயங்காலம் தாளில் கையெழுத்துப் போடாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் அக்கா. நீங்கள் என் இடத்தில் இருந்தால் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லாமல், என் கையெழுத்தை நடுவில் வைத்து விளையாடினார்கள். நாளைக்கு யாராவது கண்டுபிடித்தால் பொய்க் கணக்கு எழுதியவள் யார்? மோகனப்பிரியா, பி.எஸ்சி. ஊர்க்காரர்கள் பெயரா வரும்? இரண்டு வருஷம் காத்திருந்து கிடைத்த முதல் வேலை. நம்பியவர்களே இப்படிச் செய்தால் என்ன செய்வது?

சூப்பர்வைசர் ரகோத்தமன் சாருக்குப் போன் செய்தேன். நல்ல மனிதர் என்றுதான் நினைத்தேன். வாங்க போங்க என்றுதான் பேசுவார். எங்கள் ஊரில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். அசாதாரணமாக எதைப் பார்த்தாலும் குறிப்பில் எழுதுங்கள், அதற்குத்தான் அந்தக் கட்டம் என்றார்.

"சார், எழுதினா ஊருக்குக் கெடுதல் ஆகுமா?" என்று கேட்டேன். கேட்டேன் அக்கா. இதை யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

"உண்மையை எழுதினா யாருக்கும் கெடுதல் வராதும்மா. ஸ்டாப்புக்காக மக்கள் இவ்வளவு தவிக்கிறாங்கன்னு மேல இருக்கிறவங்களுக்குப் புரியும். நானே எடுத்துச் சொல்றேன்" என்றார். அடுத்த கணக்கெடுப்புக்கும் உங்களைத்தான் கூப்பிடுவேன், இந்த மாதிரிக் கவனம் யாருக்கும் வராது என்றும் சொன்னார்.

எழுதினேன். இங்கிலீஷில் மூன்றே வரி. அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்.

நாலு மாதம் கழித்து, நிறுத்தம் இல்லை என்று ஒரு கடிதம் வந்தது. காரணம் ஒன்றும் சொல்லவில்லை. மாமா விடவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு அறிக்கையையே வாங்கிவிட்டார். முப்பத்தாறு பக்கம், முழுக்க இங்கிலீஷ். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரேஷன் கடை முன்னால் ஊர் கூடியது. வேறு யாரை வாசிக்கக் கூப்பிடுவார்கள்? நாலு எழுத்து தெரிந்தவள் நான்தானே. சின்னம்மா எனக்கு நேர் எதிரே, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்காலுக்குத் தைலம் போட்டிருந்தாள், அந்த வாசனை என்வரைக்கும் வந்தது.

"ஒரு வரி வுடாம படி பாப்பா" என்றார் மாமா. "எதனால இல்லேன்னாங்கன்னு தெரியணும்."

படித்துப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பதினாலாம் பக்கத்தில் தாழம்பேடு வந்தது. என் மூன்று வரியும் அப்படியே இருந்தது, ஒரு வார்த்தை மாறாமல். அதற்குக் கீழே அவர்கள் எழுதியிருந்தார்கள்: இரண்டாம், மூன்றாம் நாள் எண்ணிக்கை நம்பத்தக்கது அல்ல, நீக்கப்படுகிறது. சராசரி எண்பத்தெட்டு.

அந்த இடத்தில் நான் நினைத்திருந்தால் மூன்று வரியைத் தாண்டிப் போயிருக்கலாம் அக்கா. அங்கே ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. கடவுளுக்குக்கூடத் தெரிந்திருக்காது. ஆனால் நான் தாண்டவில்லை. ஒரு வரி விடாமல் படி என்றார்கள், விடாமல் படித்தேன். இதை நினைத்துப் பார்த்தவர்கள் ஊரில் ஒருத்தராவது உண்டா?

"ஏறினவர்களில் பெரும்பாலோர் அதே ஆட்கள். புடவை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப ஏறினார்கள். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்கள்."

முதலில் சுமதிதான் சிரித்தாள். பொடவ மாத்தினது இங்கிலீஷ் வரைக்கும் போயிடுச்சா என்றாள். இன்னும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

"இதை அவங்களுக்கு யாரு சொன்னது?"

"எண்ணினவங்க எழுதின குறிப்பு, மாமா."

"எண்ணினது நீதானே?"

"ஆமாம் மாமா."

திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். என்னிடம் பதில் தயாராக இருந்தது. சார் சொன்னதைச் சொல்லலாம் என்று இருந்தேன். சின்னம்மா தரையில் கை ஊன்றி எழுந்தாள். புடவையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"அம்மாம் பேர்ல என்னையும் சேத்து எழுதினியா, இல்ல என்னை வுட்டுட்டு எழுதினியா?"

"எல்லாரையும் சேத்துத்தான் சின்னம்மா."

தலையை ஆட்டினாள். சரி என்கிற மாதிரி. பிறகு நடந்து போய்விட்டாள். அவள் போனதும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அறிக்கையை மாமா என் கையிலிருந்து வாங்கிக்கொள்ளவில்லை. அது இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

ரகோத்தமன் சாருக்கு அன்றைக்கே போன் போட்டேன். எடுக்கவில்லை. அப்புறம் அந்த நம்பர் அடிக்கவே இல்லை. எடுத்துச் சொல்கிறேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்தவர். இப்போது ஒரு காப்பீட்டு ஆபீஸில் படிவம் சரிபார்க்கிற வேலையில் இருக்கிறேன். ஏதாவது கட்டம் காலியாக இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்குத்தான் தினம் போய்வருகிறேன்.

என்ன கேட்டீர்கள்? மூட்டையா?

இல்லை, மூட்டையைப் பற்றி எழுதவில்லை. படிவத்தில் மூட்டைக்குக் கட்டம் இல்லையே அக்கா. ஏறியவர் என்றால் ஆட்கள்தான். ஆமாம், குறிப்புக் கட்டம் இருந்தது. இடமும் இருந்தது. அசாதாரணமாக எதையாவது பார்த்தால் எழுதச் சொன்னார்கள். மூட்டை தினம் போகிறதுதானே, அதில் அசாதாரணம் என்ன? காலை ஐந்து மணியிலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் மூன்று நாளும் அறுபது, எழுபது மூட்டை ஏறியது. என் நாற்காலியே மூட்டைகளுக்கு நடுவில்தான் இருந்தது. வாசனைக்குத் தும்மிக்கொண்டே இருந்தேன். நீங்கள்தான் இதை முதலில் கேட்கிறீர்கள். ஊரில்கூட யாரும் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு யார் என்னோடு பேசினார்கள்?

தண்ணீர் வேண்டுமா? என்னிடம் இருக்கிறது. எனக்கு வேண்டாம், குடியுங்கள்.

பாலம் திறந்து எட்டு மாதம் ஆகிறது. டெர்மினஸில் ஆள் இல்லாத மூட்டையை ஏற்றமாட்டார்கள். கேட்டில் காவலுக்கு ஆள் இருக்கிறது. துணி சுற்றிய மூட்டை தனியாகக் கிடந்தால் விசில் ஊதுகிறார்கள், ஒரு தடவை போலீஸ் நாயே வந்தது. அதனால் ஒவ்வொரு மூட்டையோடும் வீட்டிலிருந்து ஒரு ஆள் போக வேண்டியிருக்கிறது. ஆட்டோவில் டெர்மினஸ், அங்கிருந்து மார்க்கெட், பிறகு திரும்புகிற பயணம். வருவதற்குப் பன்னிரண்டு மணி ஆகிவிடும். எட்டு ஊரிலும் அப்படித்தான். சிலர் விட்டுவிட்டார்கள். சின்னம்மா பத்து சென்ட் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறாள். மீதி காய்ந்து கிடக்கிறது. அவளே மூட்டையைச் சுமந்துகொண்டு போகிறாள்.

இதில் இன்னொன்று கவனித்தீர்களா? இப்போதுதான் எங்கள் பக்கத்து ஆட்கள் உண்மையாகவே பஸ் ஏறுகிறார்கள். நடிப்பு இல்லை, புடவை மாற்றல் இல்லை. இது எனக்குப் போன வாரம்தான் தோன்றியது. தோன்றியதும் தூக்கம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, பழைய படிவத்தையே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, நாலே முக்காலுக்கு டெர்மினஸ் பின்கேட்டில் போய் நின்றேன். யார் சொல்லியும் இல்லை. நானாகத்தான்.

பத்து மணி வரைக்கும் நின்றேன். இதோ பாருங்கள், பையிலேயே வைத்திருக்கிறேன். எங்கள் எட்டு ஊர் ஆட்கள் மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு. எல்லோரும் வேற வேற ஆட்கள். எனக்கு முகம் தெரியும், தப்பு வர வழியே இல்லை. இதை வைத்து மறுபடியும் மனுப் போடலாம். இருநூற்றைம்பது போதும் என்றவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? குறிப்புக் கட்டமா? காலிதான். எழுத ஒன்றும் இருக்கவில்லை. ஆளுக்கொரு மூட்டையோடு ஒழுங்காக வந்தார்கள், ஏறினார்கள்.

ஆறு மணிக்குச் சின்னம்மா வந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கி, தானே மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கேட்டைத் தாண்டிப் போனாள். நான் கோடு போட்டேன். பத்தடி போனவள் நின்றாள். மூட்டையோடு அப்படியே திரும்பி என்னிடம் வந்தாள்.

"எண்ணிக்கினு இருக்கியா?"

"ஆமாம் சின்னம்மா."

"என்னை எண்ணிட்டியா?"

"எண்ணிட்டேன்."

"எத்தினி தபா?"

"ஒரு தபாதான் சின்னம்மா."

"நல்லா பாத்துக்கோ. புடவை அதேதான்."

அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டாள். அத்தனை மாதத்துக்குப் பிறகு அவளாக வந்து என்னோடு பேசினாள் அக்கா. நான் கூப்பிடவில்லை. அவளாகத்தான் திரும்பி வந்தாள். கோபம் போய்விட்டது என்றுதானே இதற்கு அர்த்தம்? முகத்தைப் பார்த்திருந்தால் உறுதியாகச் சொல்லியிருப்பேன். தலையில் அவ்வளவு பெரிய மூட்டை. ஈரச் சாக்கு கண்வரைக்கும் சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.